வசந்தாவை விட்டுவிட்டுப் போன பஸ்

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை, என் மனைவியை விட்டுவிட்டு பஸ் போய்விட்டது.

பஸ் போவதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பீர்கள். விஷயம்தான். ஏனென்றால், வசந்தாவுக்கு அந்த பஸ் தொடர்ந்து வர வேண்டும் என்பதற்காகத்தான் அன்றைக்கு எங்கள் ஊரே அதில் ஏறியது!

எங்கள் ஊர் உடையார்பாளையத்துக்கும் அரியலூருக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ரோட்டுக்கும் ஊருக்கும் இடையில் முந்திரிக்காடு. இருட்டு பிரிகிற நேரத்தில் ஒரு டவுன் பஸ் ஊருக்குள் வளைந்து வந்து, இருக்கிற நாலைந்து பேரை ஏற்றிக்கொண்டு திரும்பவும் மெயின் ரோட்டைப் பிடித்து அரியலூர் போகும். வசந்தா அதில்தான் வேலைக்குப் போகிறாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. காலை ஷிப்ட்.

இது அவள் வாழ்க்கையில் முதல் வேலை. பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அவளாகத் தேடிக்கொண்டது. நான் வீட்டோடு சேர்ந்த தையல் கடையில் இருக்கிறேன். என் உலகம் மெஷினுக்கும் வாசலுக்கும் நடுவில் முடிந்துவிடும். வெளி உலகச் சேதி எல்லாம் அவள் சாயங்காலம் கொண்டுவருவதுதான்.

இப்போது பெரம்பலூரும் அரியலூரும் எப்படி வளர்கின்றன என்று பார்த்தீர்களா? அந்தப் பக்கம் நாலுவழிச் சாலை, காலேஜ்கள். இந்தப் பக்கம் ரயில், சிமென்ட் லாரி, புதிது புதிதாக நகர்கள். இரண்டு டவுனையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்து ஒரே போக்குவரத்துத் திட்டமாகப் போடப்போகிறார்கள். லாரிக்குத் தனி வழி. ரயில் நேரத்துக்கு பஸ். ஜெயங்கொண்டத்தில் ஏறுகிற பிள்ளை நடுவில் இறங்காமல் பெரம்பலூர் காலேஜ் வாசலில் இறங்கலாம்.

நல்ல திட்டம்தான். நான் குறை சொல்லவில்லை.

ஆனால்... சீக்கிரம் போக வேண்டும் என்றால் பஸ் நேராகப் போக வேண்டும். நேராகப் போகிற பஸ் எங்கள் ஊருக்குள் எதற்கு வளையும்?

வார்டு மெம்பர் கொளஞ்சிதான் இந்தச் சேதியைக் கடைக்குக் கொண்டுவந்தான். எனக்குத் தம்பி முறை ஆகிற பையன், நல்ல துடிப்பானவன்.

"அண்ணே, காலைல வர்ற பஸ்ஸ ஊருக்குள்ள வுடலாமா வேணாமான்னு, ஏறுற ஆள எண்ணிப் பாக்க வர்றாங்களாம். ஆள் இல்லன்னா அவ்ளோதான். ரோட்டுல போயி நிக்க வேண்டியதுதான்."

மெஷினை நிறுத்தினேன். இருட்டில், முந்திரிக்காட்டு வழியில், ஒரு பெண் தனியாக ரோடு வரை நடப்பதா? மழைக்காலத்தில் அந்த மண் பாதை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலம் வசந்தாவிடம் சொன்னேன். "நான் சைக்கிள்ல கொண்டாந்து வுடறேன்."

"நல்லாருக்கு! உங்களுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தா எனக்கும் லீவா? ஆஸ்பத்திரில, 'எங்க வூட்டுக்காரருக்குக் காய்ச்சல், அதனால வார்டு கூட்ட வரல'ன்னு சொல்லட்டுமா?"

"அப்ப என்னதான் பண்றது?"

"பஸ் நின்னா வேலைய வுட்டுற வேண்டியதுதான்." இதைச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கு ஆஸ்பத்திரி கதை எதுவும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு சாயங்காலம் எனக்கு நினைவில்லை.

கொளஞ்சி சும்மா இருப்பானா? தெருத் தெருவாகப் போய்ச் சொல்லிவிட்டான். புதன்கிழமை சர்வே. ஊரில் நடக்கத் தெரிந்த எல்லோரும் பஸ்ஸில் ஏற வேண்டும். பெண்களுக்கு டிக்கெட் இலவசம், அதனால் அவர்கள் கட்டாயம். "வசந்தா அக்கா வேல போயிரக் கூடாது. ஊரு மானம்!" என்று வேறு சொல்லியிருக்கிறான்.

அந்த வாரம் என் கடையில் கூட்டம். "அண்ணே, என் ஜாக்கெட்டு புதனுக்குள்ள வேணும்." "எம்புள்ள சட்டைக்குப் பொத்தான் வச்சிட்டீங்களா?" என்ன விசேஷம் என்று கேட்டால், "பஸ்ல போறோம்ல!" என்றார்கள்.

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். வெளியூரிலிருந்து ஓர் ஆபீசர் வந்து நம்மைப் பார்க்கப்போகிறார் என்றால், கசங்கின துணியோடு நிற்க மாட்டோம். அது அவருக்கும் மரியாதை இல்லை, நமக்கும் இல்லை. நானும் சந்தோஷமாகத் தைத்துக் கொடுத்தேன்.

புதன்கிழமை விடிந்தது. வசந்தாவோடு நானும் ஸ்டாப் வரை போனேன். அங்கே பார்த்தால்... அப்பப்பா! பட்டுப்புடவைகள். தலை நிறைய மல்லிகை. கொளஞ்சி பட்டு வேட்டியில், துண்டோடு. போகிறதுதான் போகிறோம், அப்படியே அரியலூரில் சம்பந்தி வீட்டையும் எட்டிப் பார்த்துவிடலாம் என்று ஒரு குடும்பம் தாம்பாளத்தில் பழம், வெற்றிலை பாக்கு, பூ எல்லாம் அடுக்கிக்கொண்டு வந்திருந்தது.

ஓரமாக ஒரு ஜீப். பக்கத்தில் சர்வே மேடம், சின்ன வயதுதான், கையில் டேப்லெட்டுடன் நின்றுகொண்டிருந்தார்.

பஸ் வந்தது. அவ்வளவுதான்!

"உள்ள போங்க, உள்ள போங்க... தட்டத் தலைக்கு மேல தூக்குங்கம்மா! ஏங்க, அந்தப் பூவு என் மூஞ்சில குத்துது!" என்று கண்டக்டர் கத்துகிறார். வசந்தா மட்டும்தான் நீல யூனிபார்ம் புடவை. வழக்கமாக அவளுக்காகக் காத்திருக்கிற பஸ் என்பதால் நிதானமாகப் பின்னால் நின்றாள். படியில் கால் வைக்க இடமில்லை.

உள்ளே கொளஞ்சியின் குரல் கேட்டது. "வசந்தாக்கா ஏறிட்டாங்களா?"

முன்பக்கம் இருந்தவர்கள், "பின்னாடி ஏறிட்டா!" என்றார்கள். பின்பக்கம் இருந்தவர்கள், "முன்னாடியே ஏறிடுச்சு, வுடுங்க வுடுங்க!" என்றார்கள்.

விசில். பஸ் போய்விட்டது.

நான் கத்தியிருக்கலாம். ஆனால் நாலு பேர் முன்னால் எனக்குச் சத்தம் வராது. கையை மட்டும் தூக்கினேன். ஜன்னலோரம் இருந்தவர்கள் வழியனுப்புகிறேன் என்று நினைத்து, பதிலுக்கு டாட்டா காட்டினார்கள்.

புழுதி அடங்கியது. ஸ்டாப்பில் நான், வசந்தா, மேடம்.

"இடம் கிடைக்கலையாம்மா? பரவாயில்ல, இன்னிக்கு முகூர்த்தம் லேட்டாதானே? அடுத்த பஸ்ல போயிடலாம்" என்றார் மேடம், ஆறுதலாக.

"என்னா முகூர்த்தம்?"

"ஊரோட கல்யாணத்துக்குத்தானே போறீங்க? நான்கூட அப்படித்தான் போட்டுட்டேன். கல்யாணக் கூட்டத்தைக் கணக்குல சேர்க்க முடியாதும்மா. இன்னொரு நாள் எடுக்கணும்."

வசந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் நிழற்குடையின் கூரையைப் பார்த்தேன்.

"கல்யாணமும் இல்ல, காதுகுத்தும் இல்ல மேடம். நீங்க எண்ணுவீங்கன்னுதான் இம்புட்டுப் பேரும் ஏறிப் போறாங்க."

"வசந்தா..." என்றேன் மெதுவாக.

"சும்மாருங்க. டூட்டிக்கு நேரமாச்சு, இப்ப போயி எனக்கு என்னா பொய்யி?" என்றவள் மேடத்திடம் திரும்பினாள். "நான் தெனம் போறவ மேடம். எனக்காகத்தான் ஏறுனாங்க. என்னையவே வுட்டுட்டுப் போயிட்டாங்க."

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வசந்தாவும் சிரித்துவிட்டாள். அப்புறம் மேடம் கேட்டார்: "உண்மையைச் சொல்லுங்க. தினம் எத்தனை பேரு போவீங்க?"

"ரெண்டு கை வெரலு வேணாம் மேடம்."

"ரொம்பக் கம்மியாச்சேம்மா."

"கம்மிதான். ஆனா அந்தக் கம்மிப் பேருக்கு அந்நேரத்துக்கு வேற பஸ்ஸே இல்ல. ரோட்டுல போயி நில்லுன்னா, இருட்டுல காட்டு வழியா நான் வர மாட்டேன். வேலைய வுட்டுருவேன். நாளைக்கு நீங்க ரோட்டுல வந்து எண்ணுனாலும் நான் இருக்க மாட்டேன். இந்த ஊருல ஆளே வரலன்னு எழுதிட்டுப் போயிருவீங்க."

மேடம் டேப்லெட்டில் எதையோ அழித்தார். பிறகு ஜீப்பின் கதவைத் திறந்துவிட்டார். "வாங்க, நான் ஆஸ்பத்திரியில இறக்கி விடுறேன்."

ஆக, அன்றைக்கு ஊர் முழுக்க பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போக, வசந்தா மட்டும் ஜீப்பில் ஜம்மென்று போனாள்!

யோசித்துப் பார்த்தேன். பஸ்ஸில் ஏறினவர்களை எண்ணுவது சுலபம். ஏற முடியாமல் நின்றவரையும், நின்று நின்று அலுத்துப்போய் வீட்டோடு இருந்துவிட்டவரையும் எப்படி எண்ணுவது? எந்தத் திட்டத்துக்கும் இது கஷ்டம்தான் போலிருக்கிறது. நாங்களே கூட வசந்தாவைத் தவிர மற்ற எல்லோரையும் ஏற்றிவிட்டோமே...

மதியம் கொளஞ்சி கடைக்கு வந்தான். முகமெல்லாம் பெருமை. "எப்படிண்ணே கூட்டம்? மேடம் அசந்துருப்பாங்களே!"

நடந்ததைச் சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"கல்யாணக் கூட்டமா?" என்றான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தத் தாம்பாளந்தான்ணே கெடுத்துச்சு" என்றான்.

நான் அவனுடைய பட்டு வேட்டியைப் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

மேடம் மறுபடியும் வந்தார். யாருக்கும் சொல்லாமல், சாதாரண ஒரு நாளில். எண்ணிவிட்டு ஸ்டாப்பிலேயே நிற்கவில்லை. பஸ்ஸில் ஏறி வசந்தா பக்கத்தில் உட்கார்ந்து, அரியலூர் வரை போயிருக்கிறார். யார் எங்கே இறங்குகிறார்கள், திரும்ப எப்படி வருகிறார்கள் என்று வழியெல்லாம் கேட்டாராம். "ஒரு வாட்டி கூட கல்யாணப் பேச்ச எடுக்கலங்க. தங்கமான பொண்ணு" என்றாள் வசந்தா.

போன வாரம் முடிவு வந்தது. மற்ற டிரிப்கள் எல்லாம் நேர் வழியில். காலை முதல் டிரிப் மட்டும் ஊருக்குள் வரும். மழைக்காலம் முடிகிற வரை. அதன் பிறகு ஆள் ஏறுவதைப் பார்த்துச் சொல்வார்கள்.

ஆள் ஏற வேண்டும் என்றால் என்ன செய்வது? ஏரித் தண்ணீரை வயலுக்கு முறை வைத்துத் திறந்து பழகியவர்கள் அல்லவா நாங்கள்? பஸ்ஸுக்கும் முறை வைத்துவிட்டோம். ஒரு நாளைக்கு ஒரு வீடு. அரியலூரில் தள்ளிப்போட்டு வைத்திருக்கிற வேலையை அந்த பஸ்ஸில் போய் முடிக்க வேண்டும். பட்டு கூடாது. தாம்பாளம் கூடவே கூடாது. வசந்தா ஏறிய பிறகுதான் மற்றவர்கள்.

"இதுவும் ஏமாத்துற வேலையாடி?" என்று கேட்டேன்.

"நெசமாவே போறாங்கல்ல, அப்புறம் என்னா ஏமாத்து? மொத நாளு முறைக்கு வந்தவரு கண்ணு டெஸ்ட் பண்ணிக்கிட்டாரு. ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. இன்னும் கொஞ்சம் வுட்டுருந்தா பார்வையே போயிருக்குமாம்" என்றாள்.

நேற்று எங்கள் வீட்டு முறை. அவள்தான் தினமும் போகிறாளே, அது கணக்கில் சேராது என்று கொளஞ்சி சொல்லிவிட்டான். ஆகவே நான் போனேன். நூல்கண்டும் லைனிங் துணியும் வாங்க வேண்டியிருந்தது.

"உன் பக்கத்துல உக்காரட்டா?"

"அது பொம்பளைங்க சீட்டு. பின்னாடி போங்க."

போனேன். அங்கிருந்து அவளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கண்டக்டரை வம்புக்கு இழுக்கிறாள். வழியில் ஏறுகிற நர்ஸ் பெண்ணுக்கு இடம் பிடித்து வைக்கிறாள். யாரோ சொன்ன எதற்கோ தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள். இத்தனை வருஷத்தில் அவள் வேலைக்குப் போகிற அழகை நான் பார்த்ததே இல்லையே!

ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்தது. அவள் எழுந்தாள். ஏதோ ஞாபகத்தில் நானும் எழுந்துவிட்டேன்.

"என்னாங்க... நீங்க எறங்காதீங்க! உங்களுக்கு பஸ் ஸ்டாண்டு!" என்று முன்னால் இருந்தே கத்தினாள்.

பஸ்ஸே திரும்பி என்னைப் பார்த்தது. "இவருதான் வசந்தாக்கா வூட்டுக்காரரா?" என்றார் கண்டக்டர்.

எனக்குக் கூச்சம்தான்... ஆனாலும் சத்தமாகவே சொன்னேன் — "ஆமாங்க!"