சந்தியில் நின்றவர் யாருடைய ஆள்?

அமெரிக்காவில் இருக்கும் என் மனைவியின் தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பான். சுகம் விசாரித்து முடிந்ததும் தன் ஊர்ப் பெருமையைத் தொடங்குவான். போன மாரியில் அந்தப் பெருமை ஒரு ஷெரிப், அங்கே சனம் வோட்டுப் போட்டுத் தெரிவு செய்யும் பொலிஸ் தலைவர்.

“எங்கட ஷெரிப் வாசலுக்கு வந்து வோட்டுக் கேட்டவர், அத்தான். வெண்ட பிறகு கவுண்டிச் சபை அவற்ற காசில கை வைச்சது. மனிசன் விடேல்லை. நேர கோர்ட்டுக்குப் போயிட்டார். என்னைச் சனம் தெரிவு செய்தது, எத்தினை ஆள் எங்க நிக்கிறது எண்டு நான்தான் சொல்லுவன் எண்டிட்டார். உங்கட மொன்றியல்ல ஆர் உப்பிடிக் கதைப்பினம்?”

“இஞ்சை பொலிஸ்காரர் வோட்டுக் கேட்டு வாறேல்லை. அந்த அளவில நிம்மதி,” என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, விஷயம் மண்டைக்குள் இருந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் உள்ளூராட்சித் திணைக்களத்தில் எழுதுவினைஞனாகத் தொடங்கி, இங்கே மொன்றியலின் தென்கரையில் ஒரு நகரசபையின் கொள்முதல் பிரிவில் ஓய்வு பெற்றவன் நான். ஒரு கதிரை வாங்க யார் யார் கையொப்பம் வேண்டும் என்று நித்திரையிலும் சொல்வேன். ஆனால் காசு கொடுப்பவர் ஒருவர், அதை எங்கே இறக்குவது என்று தீர்மானிப்பவர் இன்னொருவர் என்றால், இடையில் நிற்கும் சனம் யாரிடம் போய்க் கேட்பது? என் வயதுக்காரர் சுடோக்கு போடுவார்கள். நான் இதைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கீழ்வீட்டுப் பிரச்சினை மேலே ஏறி வந்தது.

கீழ்வீட்டில் ஒரு தாயும் எட்டு வயது மகளும் இருக்கிறார்கள். கணவர் அல்பேர்ட்டாவில் லொறி ஓட்டுகிறார். தாய்க்குத் துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலை. காலையில் மகளை வாசலில் விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவார். மகள் மற்றத் தமிழ்ப் பிள்ளைகளோடு சந்திவரை நடப்பாள். சந்தியில் அகலமான வீதி, ஓயாத லொறிகள். அங்கே மஞ்சள் மேலங்கியும் கையில் நிறுத்தல் பலகையுமாக ஒரு ஹெயிட்டி அம்மா நின்று பிள்ளைகளை வீதியைக் கடக்கவிடுவார். கிறிஸ்மஸ் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியபோது அவரைக் காணவில்லை.

“வேற சந்திக்கு மாத்திப்போட்டாங்களாம், அங்கிள்,” என்றார் தாய். “இப்ப நான்தான் இவளைக் கொண்டுபோய் அங்கால விட்டிட்டு ஓடவேண்டிக் கிடக்கு. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் பிந்துது. இனியும் பிந்தினா இரவு ஷிப்டுக்குப் போ எண்டு சுப்பர்வைசர் சொல்லிப்போட்டான். நான் இரவு போனா இவளை ஆர் பாக்கிறது?”

என் மனைவி காலையிலேயே கார்டெரிக்கு, பிறருடைய குழந்தைகளைப் பார்க்கப் போய்விடுவாள். நான் முழங்கால் மாற்றியவன். பனியில் என்னை நம்பிப் பிள்ளையை அனுப்பலாமா என்று யோசித்துப் பார்த்தோம்.

“இவரை வீதி கடத்த இன்னொரு ஆள் வேணும்,” என்றாள் மனைவி. “நீங்கள் வாயால செய்யிற வேலை ஏதும் இருந்தாச் செய்யுங்கோ.”

வாயால் செய்யும் வேலைக்கு எங்கள் வட்டார சபையில் ஓர் இடம் உண்டு. கேள்வி நேரம். முன்கூட்டியே பதிய வேண்டும், ஒலிவாங்கி முன்னால் நிற்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், கதை சொல்லக் கூடாது. இந்த விதிகளை மதிக்கும் ஒரே குடிமகன் நான் என்பதை அன்று மாலை அறிந்துகொண்டேன். எனக்கு முன்னால் நின்றவர் தன் வீட்டு மேப்பிள் மரத்தின் வாழ்க்கை வரலாற்றைச் சொன்னார்.

என் கேள்வி ஒரே வரி. அந்தச் சந்தியில் ஆளை வைப்பதும் எடுப்பதும் யாருடைய அதிகாரம்?

“மிக நல்ல கேள்வி, ஐயா,” என்றார் தலைவர். பதில் வராது என்று அப்போதே விளங்கிவிட்டது. ஆனால் வந்தது, அதுவும் சுவையாக. கடவைக் கோடு வட்டாரத்துடையது, வருடா வருடம் வட்டாரமே வண்ணம் பூசுகிறது. கோட்டில் நிற்கும் ஆள் பொலிஸுடையவர். பொலிஸுக்கான காசு மாநகர சபையுடையது. ஆகவே இது நம் கையில் இல்லை. அடுத்த கேள்வி.

நான் கவலைப்பட்டிருக்க வேண்டும். உண்மையில் உற்சாகமாக வீட்டுக்கு வந்தேன். மச்சானின் ஷெரிப் போட்ட சண்டை எங்கள் சந்தியிலேயே, வெள்ளைக் கோட்டின் மேலேயே நடக்கிறதே!

அடுத்த கிழமை பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். பொறுப்பதிகாரி ஒரு பெண்மணி. பிரெஞ்சில் பொறுமையாக விளக்கினார்.

“சபை எங்களுக்கு மொத்தமாகக் காசு ஒதுக்கும். மொத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். எந்தச் சந்தியில் யார் நிற்பது என்று எந்த அரசியல்வாதியும் எனக்குச் சொல்ல முடியாது. இன்று அதைச் சொல்ல விட்டால், நாளைக்கு யாரைப் பிடிப்பது என்றும் சொல்வார்கள்.”

யாரைப் பிடிப்பது என்று அரசியல்வாதி சொல்லும் ஊரில் நான் உத்தியோகம் பார்த்திருக்கிறேன்.

“அப்படியென்றால் எங்கள் சந்தியை ஏன் விட்டீர்கள்?”

“அங்கே பிள்ளைகள் கடப்பதில்லை. இலையுதிர் காலத்தில் எங்கள் ஆள் ஒரு கிழமை தினமும் காலையில் நின்று பார்த்தார். வெகு சிலரே வந்தார்கள். நெருக்கடியான வேறு சந்திகள் இருக்கின்றன.”

பிள்ளைகள் கடப்பதில்லையா? என் பல்கனியிலிருந்து பார்த்தால் தினமும் காலையில் வீதி முழுக்கப் புத்தகப் பைகள் நகரும். அவருடைய ஆள் தவறான சந்தியில் நின்றிருப்பாரோ? தவறான மதகைத் திறந்துவைத்த பொறியியலாளரை எனக்குத் தெரியும் என்பதால் முதலில் அப்படித்தான் நினைத்தேன். சந்தியின் பெயரைத் திருப்பிக் கேட்டேன். சரியான சந்திதான்.

அன்று பின்னேரம் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“பிள்ளை, பனி விழ முந்தி ஒரு கிழமை சந்தியில ஒரு பொலிஸ்காரர் நிண்டவரோ?”

தாயின் முகம் மாறியது. “ஓம் அங்கிள். காலமை முழுக்க நிண்டு போறவாற ஆக்களைப் பாத்துப் பாத்து எழுதிக்கொண்டு நிண்டவன். நான் கண்ட உடன எங்கட வாட்ஸ்அப் குறூப்பில போட்டிட்டன், சந்தியில நிக்கிறாங்கள் எண்டு.”

“பிறகு?”

“பிறகென்ன, எல்லாத் தாய்மாரும் பிள்ளையளைப் பின் ஒழுங்கையால கூட்டிக்கொண்டு போய் மேல வளைவில கடந்தவை. அவன் போற வரைக்கும் அப்பிடித்தான்.”

வளைவில் கடவையும் இல்லை, விளக்கும் இல்லை. அந்தக் கிழமை தாய்மார் எல்லாருமே வேலைக்குப் பிந்தியிருக்கிறார்கள். பிள்ளைகளைப் பாதுகாக்க ஒருவர் வந்து நின்றதால், அத்தனை பிள்ளைகளும் லொறிகளுக்கு நடுவே ஓடியிருக்கிறார்கள்.

“அவர் உங்களைப் பிடிக்க நிக்கேல்லை, பிள்ளை. பிள்ளையளை எண்ண நிண்டவர். எண்ணினாத்தான் ஆள் வைப்பினம்.”

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “யூனிபோமோட ஒருத்தன் சந்தியில நிண்டு எழுதினா அந்தப் பக்கம் போவினமே, அங்கிள்? நீங்கள் போவியளோ?” என்றார்.

மூலையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த மகள் பிரெஞ்சில் கேட்டாள்: “அம்மா, அந்தப் பொலிஸ் மிஸ்யூ எங்களை எண்ண வந்தவரா? நாங்கள் ஏன் ஒளிந்தோம்?”

“நீ எழுது,” என்றார் தாய்.

மறுபடி பொறுப்பதிகாரியிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காக அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

“மீண்டும் ஒருமுறை ஆளை அனுப்ப யாரிடம் அனுமதி எடுக்க வேண்டும்?” என்று கேட்டேன். மனதுக்குள் குழுக்களையும் உபகுழுக்களையும் வரிசைப்படுத்திவிட்டேன்.

“யாரிடமும் வேண்டாம். திங்கட்கிழமை அனுப்புகிறேன்.”

சபையில் எங்களுக்குக் கதவை மூடிய அதே பொலிஸ் சுதந்திரம் இங்கே கதவைத் திறந்துவிட்டது. உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் அனுமதி இல்லாமல் நடந்த ஒரு காரியத்தைக்கூட நான் பார்த்ததில்லை. சற்று அதிர்ச்சியாகத்தான் இருந்தது.

“பயமாக இருந்தால் சீருடை இல்லாமல் சாதாரண உடையில் அனுப்பட்டுமா?” என்றும் கேட்டார். நல்ல யோசனை என்று நினைத்துக் கீழ்வீட்டில் வந்து சொன்னேன்.

“ஐயோ, வேண்டாம் அங்கிள்!” என்று தாய் பதறினார். “சிவில்ல வாறவன்தான் பொல்லாதவன். யூனிபோமோடயே வரட்டும்.”

என் மனைவி இதைக் கேட்டு, “உங்களுக்கு உவ்வளவு படிப்பிருந்தும் இது தெரியேல்லையே,” என்றாள்.

திங்கட்கிழமை நல்ல குளிர். பல்கனிக் கதவைத் திறந்து, கம்பளியைச் சுற்றிக்கொண்டு பார்த்தேன். இளம் பொலிஸ்காரர் ஒருவர் சந்தியில் காலை மாற்றி மாற்றி வைத்து நின்றார். வீதியின் இந்தப் பக்கத்தில் தாய்மார் கூட்டமாக நின்றார்கள். யாரும் முதலில் அடி எடுத்து வைக்கவில்லை. பின் ஒழுங்கையின் வாயை ஒரு தாய் திரும்பிப் பார்த்தார். அவர் அந்தப் பக்கம் நடந்திருந்தால் எல்லாரும் நடந்திருப்பார்கள்.

கீழ்வீட்டுத் தாய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். தலையைக் குனிந்தபடிதான் போனார். பொலிஸ்காரருக்குப் பக்கத்தில் வந்ததும் தாயின் நடை நின்றுவிட்டது. மகள் அண்ணாந்து பார்த்து ஏதோ சொன்னாள். பொலிஸ்காரர் சிரித்து, வலக்கையை உயர்த்தி லொறிகளை மறித்தார். எண்ண வந்தவருக்கு அது வேலை இல்லை, நடைமுறைப்படி பிழையும்கூட. பின்னால் மற்றத் தாய்மாரும் பிள்ளைகளும் நடந்தார்கள். நான் எண்ணவில்லை, அதற்கு ஆள் இருந்தார்.

அந்தக் கிழமை முழுவதும் அப்படியே போனார்கள். மார்ச் விடுமுறைக்குப் பிறகு மஞ்சள் மேலங்கி சந்திக்குத் திரும்பி வந்தது, அதே ஹெயிட்டி அம்மாவோடு. மச்சான் தொலைபேசியில், “அப்ப வெண்டது சபையோ பொலிஸோ, அத்தான்?” என்று கேட்டான். எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வசனம் வந்ததில் அவனுக்கு ஏக சந்தோசம்.

அடுத்த நாள் காலை தாய் மகளை வாசலில் விட்டுவிட்டு, பழையபடி பஸ்ஸுக்கு ஓடினார். பல்கனிக்குக் கீழே வந்தவர் நின்று மேலே பார்த்தார்.

“அங்கிள், அண்டைக்கு அவன் எழுதினதில எங்கட பேர் ஒண்டும் இல்லைத்தானே?”

“இல்லைப் பிள்ளை. எத்தினை பேர் எண்டு மட்டும்தான்.”

“வடிவாத் தெரியுமோ?”

“ஓம், வடிவாத் தெரியும்.”

“அப்ப சரி. வாறன்,” என்று சொல்லிவிட்டு ஓடினார். பஸ் இன்னும் வந்திருக்கவில்லை.