நூலாய் வந்த வெந்நீர்

வீட்டைப் பார்த்துக்கொள்வதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள், குழாய் ரிப்பேருக்கு வருகிறேன் என்ற ஆளுக்காக ஒரு நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டும். அப்படி உட்கார்ந்து பழகிய சகோதரிகளுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

பாகூரில் எங்கள் தோட்டத்துப் போர்க்குழாயில் தண்ணீர் தானாகவே பொங்கும், இறைக்க வேண்டாம். குளியலறைக் கூரைமேல் உள்ள தொட்டிக்கு அதுவே ஏறி, அங்கிருந்து இறங்கி, விறகடுப்புக்குள் ஓடும் செப்புச் சுருளில் சூடாகி, ஷவரில் கொட்டும். என் கணவர் சைகோனில் உத்தியோகம் பார்த்துத் திரும்பியபோது ஆசையாய்ப் போட்டது. அப்புறம் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்தன. சட்டை மாட்டிவிட நான், செருப்பு மாட்டிவிட நான். குளியல் மட்டும் அவருடையது. முக்காலியில் உட்கார்ந்தபடியே, கைக்கு எட்டும் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, தானே குளிப்பார். பச்சைத் தண்ணீர் பட்டால் அந்தக் கால் விறைத்துக்கொள்ளும்; வாளியில் குனிந்து மொண்டால் முக்காலியிலிருந்து சரிந்துவிடுவார். ஆக, வெந்நீர் நின்றால் தாழ்ப்பாளும் போச்சு. அந்த வெந்நீர்தான் நூலாய் ஒழுக ஆரம்பித்தது.

குழாய்க்காரர்

ஷவர் மூடியை நானே கழற்றிப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்துவிட்டேன். பிரயோஜனமில்லை. நாளை, நாளை என்று நாளைக் கடத்திவிட்டு வில்லியனூரிலிருந்து வந்து சேர்ந்தார் குழாய்க்காரர். செப்புச் சுருளைக் கழற்றித் தட்டினார். உப்பு பாளம் பாளமாக விழுந்தது. மறுபடி மாட்டினார். நூல் கயிறாயிற்று, அவ்வளவுதான். நான் முறைத்ததும் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கொழாய் சுத்தமாத்தான் கீதும்மா. இதுக்கு மேல வேகம் வோணும்னா நான்தான் தொட்டிக்குள்ள எறங்கி மிதிக்கணும். கொத்தனாரை இட்டாந்து தொட்டியை ஒசத்துங்க."

கொத்தனார்

உயரத்திலிருந்து இறங்கினால் வேகமாய் இறங்கும். எனக்கும் அது புரிந்தது. கொத்தனார் ஆள் உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டி, தொட்டியை அதன்மேல் ஏற்றினார். மறுநாள் ஷவரைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஏணியில் ஏறிப் பார்த்தேன். தொட்டி காய்ந்து கிடந்தது. அவ்வளவு உயரத்துக்கு ஊற்று ஏறவில்லை.

கான்வென்ட் மதர்கள் எனக்குப் பிரெஞ்சும் பூத்தையலும்தான் சொல்லிக்கொடுத்தார்கள், உமக்கு இது தொழிலாயிற்றே என்று கொத்தனாரைப் பிடித்துக்கொண்டேன். அவர் நிதானமாக வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "தண்ணி வேகமா எறங்கணும்னீங்க, கட்டினேன். ஏறுறதப் பத்தி நீங்க கேக்கவேயில்லியேம்மா?"

எதிர் வயல்காரர்

தொட்டி பழைய இடத்துக்கே வந்தது. இப்போது அங்கேயும் தண்ணீர் முக்கி முனகித்தான் ஏறியது. காரணம் காதிலேயே விழுந்துகொண்டிருந்தது. பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகு ஊரில் ஒவ்வொருவராகத் தண்ணீர் இறைக்கும் எஞ்சின் வைத்தார்கள். எதிர் வயலில் என் கணவரின் பங்காளியும் போர் போட்டு வைத்துவிட்டார். விடிந்ததும் அது உறிஞ்ச ஆரம்பித்தால் எங்கள் ஊற்று உள்ளே போய்விடும்.

காலையில் ஒரு குளியல் நேரம் மட்டும் நிறுத்தி வைக்கக் கூடாதா என்று கேட்கப் போனேன். வரப்பில் நின்று, வெளுத்துப்போன நாற்றைக் காட்டிப் பங்காளி கேட்டது இதுதான்: "அண்ணன் குளிக்கட்டும் அண்ணி, வாணான்னா சொல்றேன்? எம் புள்ளைங்க சாப்புட வாணாமா?"

என் கணவர்

ஒரு நாள் காலை அவர் தாழ்ப்பாள் போட்டு வெகுநேரம் ஆயிற்று. சொட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. சொம்பால் மொண்டு ஊற்றட்டுமா என்று முன்பு கேட்டபோதெல்லாம் அன்றைக்குச் சாப்பிடாமல் இருந்தவர். அதனால் கேட்கவில்லை. கதவுக்கு வெளியே நின்றேன்.

தாழ்ப்பாள் திறந்தது. தலையில் சோப்பு நுரை காய்ந்து, கண் சிவந்து, உடம்பு நடுங்க உட்கார்ந்திருந்தார். அடுப்பின்மேல் அண்டா நிறைய வெந்நீர் தினமும் வைத்திருப்பேன். அது அவருக்கும் தெரியும். என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்: "தலைக்கு மட்டும் ஊத்து. மத்ததை நான் பாத்துக்கறேன்."

இப்போது சூடும் சரியாக இருக்கிறது, வேகத்துக்கும் என் கை பழகிவிட்டது, வேலையில்லாமல் துருப்பிடிப்பது அந்தத் தாழ்ப்பாள் ஒன்றுதான்.