துக்கம் தெரியாமல் பொரித்த மீன்

கழுவிய மீனை வெள்ளைத் தட்டில் முழுசாகக் கிடத்தி, தலை இடப்பக்கம் வரும்படி திருப்பி, சன்னல் ஓரத்து மேசையில் மேடம் வைப்பார். போன் திரையில் அவருடைய அப்பாவின் முகம் தெரிந்ததும், போனைத் தட்டுக்கு மேலே மெல்ல நகர்த்திக் காட்டுவார். முதலில் கண், அப்புறம் செவுள், வயிறு, கடைசியில் வால். அந்தப் பக்கம், ஜப்பானில் ஏதோ ஒரு கடலோர ஊரின் முதியோர் இல்லத்தில், கட்டிலில் சாய்ந்திருந்த பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். நான் ஈரக்கையோடு சமையலறை வாசலில் நின்றிருப்பேன். பெரியவர் ஒரு பெயர் சொல்லித் தலையாட்டும்வரை அந்த வீட்டில் அடுப்பு பற்றாது.

சத்தியவேட்டில் புதிதாக எழும்பிய அடுக்குமாடி ஒன்றில் மேடம் தனியாகக் குடியிருந்தார். பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் செய்து வரும் உதிரிப் பாகங்களைப் பரிசோதிக்கும் வேலை அவருக்கு. ஐம்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, குட்டையாக வெட்டிய முடி. அவரைவிடப் பத்து வயது சின்னவளான என்னை, காவலாளி கூப்பிடுவதைக் கேட்டு, "அக்கா" என்றே கூப்பிட்டார். எங்களுக்குள் பேச்சு என்றால் கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் கைஜாடை, மீதிக்கு அவருடைய போன். அவர் தன் பாஷையில் பேசினால், போன் அதை ஒரு பெண் குரலில், செய்தி வாசிப்பதுபோலத் தமிழில் சொல்லும்.

ஆள் வைத்துவிட்ட மேஸ்திரி என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "மீன் தெரியுமாம்மா உனக்கு? அவங்களுக்கு மீன் இல்லாம சோறு எறங்காது." தெரியும் என்று சொல்லிவிட்டேன். அது பொய். நான் பிறந்தது வெதுருகுப்பம் பக்கம். கடல் எந்தத் திசை என்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஏரி வற்றும்போது சேற்றில் இறங்கிப் பிடிக்கும் கெண்டையும் குறவையும்தான் மீன். அதுவும் ஏரியை ஏலம் எடுத்தவர்கள் அள்ளியது போக, நிலமில்லாத எங்கள் தெருவுக்கு மிஞ்சியது. மற்றபடி வாரச் சந்தையில் கருவாடு. ஆனால் என் வீட்டுக்காரருக்கு அப்போது வேலை போயிருந்தது. ஒரு பொய்யில் கிடைக்கிற வேலையை விட மனம் வரவில்லை.

பொய் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், வெயிலில் கூடையோடு வந்தவனிடம் கானாங்கெளுத்தி வாங்கினேன். பளபளவென்று இருந்தது, நாற்றமும் இல்லை. மேடம் உப்புப் போட்டுச் சுட்டுச் சாப்பிட்டார். அரை மணி நேரத்தில் முகமும் கழுத்தும் செக்கச் செவேலென்று தடித்துவிட்டன. மூச்சு இரைத்தது. கம்பெனி வண்டியைப் பிடித்துத் திருப்பதிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவர் தலை என் தோளில் கிடந்தது. போலீஸ், ஜெயில் என்று என்னென்னவோ என் கண் முன்னால் ஓடியது. ஊசி போட்டதும் தடிப்பு இறங்கிவிட்டது. மீன் வெயிலில் கிடந்ததால் வந்த வினை என்றார் டாக்டர்.

மறுநாள் காலையில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று உண்மையைச் சொன்னேன். "எனக்கு மீன் தெரியாது மேடம். வேலைக்காவப் பொய் சொன்னேன். வேற ஆள் வெச்சிக்கோங்க." போன் அதை அவர் பாஷைக்கு மாற்றியது. அவர் பேச, போன் சொன்னது: "எனக்கும் மீன் தெரியாது. என் தந்தை மீன் வியாபாரி. அந்த வாசனை பிடிக்காமல் நான் படித்து வெளியே வந்தேன். எங்கள் ஊரில் கடையில் பெயர் ஒட்டி விற்பார்கள். நான் பெயரைப் படித்து வாங்குகிறவள்." சொல்லிவிட்டு மேடம் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றைக்கே அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டதாம். நாற்பது வருஷம் மீன் விற்றவன் மகள் கெட்ட மீனைத் தின்று ஆஸ்பத்திரியில் படுப்பதா? இனிமேல் தனக்குக் காட்டாமல் எதையும் சமைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கானாங்கெளுத்தி கெட்டாலும் முகத்தில் காட்டாது, ஐஸில் இருந்ததை மட்டும்தான் வாங்க வேண்டும் என்று அன்று அவர் சொன்னதை இன்றும் நான் மறக்கவில்லை.

அப்படித் தொடங்கியதுதான் அந்தத் தட்டும் போனும். பழவேற்காடு ஏரியிலிருந்து தடாப் பக்கத்து அம்மா ஒருத்தி தினமும் மீன் கொண்டுவந்து கடைத்தெருவில் விற்பாள். நான் அவளிடம் பெயர் கேட்டு வருவேன். பெரியவர் தன் பாஷையில் பெயர் சொல்வார். மேடம் இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் மீனை வரைவார். சங்கராவைப் பார்த்ததும் பெரியவர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். அவர்கள் ஊரில் கல்யாணத்துக்கு வைக்கிற மீனுக்கு அது சொந்தமாம். கொடுவாவைக் காட்டினால் வயிற்றை அழுத்திப் பார்க்கச் சொல்வார். கிழங்கா மீனைக் காட்டியபோது "கிசு, கிசு" என்று அவர் குதூகலமாகக் கூவினார். அதுதான் அந்த மீனுக்கு அவர்கள் பெயர். எங்கள் பாஷையில் கிசுகிசு என்றால் என்ன என்று போன் வழியாகச் சொன்னேன். பெரியவர் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. போனைப் பிடித்திருந்த நர்ஸ் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

கொரோனா வந்து ஊரடங்கு போட்டபோது தொழிற்சாலை மூடப்பட்டது, விமானம் நின்றது. மேடத்தோடு வேலை செய்த வெளிநாட்டுக்காரர்கள் சிலர் முன்னமே கிளம்பிவிட்டார்கள். அடுத்த வாரம் போகலாம் என்றிருந்த மேடம் மாட்டிக்கொண்டார். காலையில் மூன்று மணி நேரம் மட்டும் கடை திறப்பார்கள். அந்த நேரத்துக்குள் ஓடி மீன் வாங்கி வந்துவிடுவேன். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆற அமர நடந்த போன் பேச்சு, அப்போது தினசரி ஆயிற்று. வெளியே ஆள் நடமாட்டமில்லாத அந்த நாட்களில், ஒன்பது மணிக்கு அந்த வீட்டில் மட்டும் ஒரு கலகலப்பு இருந்தது.

பிறகு ஒருநாள் மேடம் போனில் அப்பாவைக் கூப்பிடவில்லை. தட்டைப் படம் மட்டும் எடுத்தார். "ஆஃப்டர்," என்று கையைக் காட்டினார். பிறகு பேசிக்கொள்வார் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளும் தட்டை ஒழுங்காக வைத்து, தலையை இடப்பக்கம் திருப்பி, படம் எடுத்தார். நோட்டில் நான் சொன்ன பெயரை எழுதினார். பெரியவருடைய பெயருக்கான இடம் காலியாக இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. நேரம் ஒத்துவரவில்லை போலிருக்கிறது என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டு, மசாலா தடவி எண்ணெயில் போட்டேன். நல்ல மீன் வாங்கத் தெரிந்துவிட்ட பெருமை எனக்கு. வீடு முழுக்க வாசனை நிறையும்படி பொரித்தேன். மேடம் தட்டைத் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போவார். காலித் தட்டு திரும்பி வரும்.

பன்னிரண்டாம் நாள் ஃப்ரிட்ஜைத் துடைக்க ஃப்ரீசரைத் திறந்தேன். உள்ளே பதினோரு பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஒட்டியிருந்தது. ஒன்றைப் பிரித்தேன். நான் பொரித்த மீன். ஒரு ஓரம்கூடப் பிய்க்கவில்லை.

பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே அவரிடம் போனேன். "நல்லா இல்லியா மேடம்? மீனுன்னா இன்னும் பயமா கீதா? சொல்லியிருந்தா வேற மாதிரி பண்ணியிருப்பேனே." அவர் போனை எடுத்து, மிகவும் மெல்லிய குரலில், மூன்று நான்கு வார்த்தைதான் பேசினார். போனிலிருந்த பெண் தெளிவான குரலில் வாசித்தாள்: "என் தந்தை பன்னிரண்டு நாட்களுக்கு முன்பு காலமானார்."

ஒரு சாவுச் செய்தியை அப்படிக் கேட்டது என் வாழ்க்கையிலேயே அன்றுதான். சொன்னவர் அழவில்லை, அறிவித்த குரலுக்கு அழத் தெரியாது. எங்கள் பக்கம் துக்க வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டோம். பங்காளிகளும் அக்கம்பக்கத்தவரும்தான் சோறு கொண்டுவந்து கொடுப்பார்கள். கடுகு தாளிக்கிற வாசனைகூட அந்த வீட்டிலிருந்து வரக் கூடாது. அப்பனைப் பறிகொடுத்தவள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, கதவுக்கு இந்தப் பக்கம் நான் பதினோரு நாள் மீன் பொரித்திருக்கிறேன். வாசனை எப்படி, வாசனை எப்படி என்று வேறு கேட்டிருக்கிறேன்.

"ஏன் மேடம் சொல்லல?" என்று அழுதுகொண்டே கேட்டேன். அவர் நீளமாகப் பேசினார். போன் சொன்னது: "சொன்னால் நீங்கள் மீன் வாங்கி வர மாட்டீர்கள். காலையில் நீங்கள் வந்து மீனின் பெயரைச் சொல்லும் நேரத்தில் மட்டும் எல்லாம் பழையபடி இருந்தது."

அந்தப் பதினோரு பொட்டலங்களையும் குப்பையில் போட இருவருக்கும் மனம் வரவில்லை. தின்ன எதுவுமில்லாமல் ஊரடங்கில் காய்ந்து கிடந்த தெருநாய்களுக்கு முள்ளை எடுத்துவிட்டு வைத்தேன். மேடம் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று அவரிடம் சொன்னேன். "உங்க வூட்டு அடுப்ப நான் பத்த வெக்க மாட்டேன். பதினாறு ஆவட்டும். என் வூட்லேந்து எடுத்தாறேன்." தங்கள் பக்கம் நாற்பத்தொன்பது நாள் என்றார் அவர். அத்தனை நாளும் மீன், கறி தொடாமல் இருப்பது பழைய வழக்கமாம். இப்போது யாரும் பார்ப்பதில்லையாம். "நாம பாக்கலாம்" என்றேன். என் வீட்டில் ரசமும் கீரையும் சோறும் வைத்துத் தூக்கில் எடுத்துக்கொண்டு, போலீஸ்காரருக்குத் தினமும் காரணம் சொல்லித் தாண்டி வந்தேன். "ஊரே ஒதுங்கி நிக்குது, நீ மட்டும் வூடு வூடா போய்க்கினு வரியே" என்று வீட்டுக்காரர் முதலில் கத்தினார். விஷயத்தைச் சொன்னதும் அடங்கிவிட்டார். மறுநாள் அவரே தூக்கை விளக்கி வைத்திருந்தார். பதினாறு வரை எங்கள் வழக்கம், அதற்கு மேல் அவர்கள் வழக்கம் என்று நாங்கள் இருவரும் நாட்காட்டியில் நாட்களை அடித்துக்கொண்டே வந்தோம்.

சில மாதம் கழித்து ஒரு சிறப்பு விமானத்தில் மேடம் போய்விட்டார். நான் இப்போது திருப்பதியில் ஒரு பெண்கள் விடுதியில் சமைக்கிறேன். அங்கே மீன் கிடையாது, மீனைத் தொட்டே நாளாகிறது. அவரைப் பற்றி யாராவது கேட்டால் ஐம்பதாம் நாள் காலையைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

அன்று தானும் கடைத்தெருவுக்கு வருவதாகச் சொன்னார். எல்லோரும் முகக்கவசத்தோடு, தரையில் சுண்ணாம்பால் போட்ட வட்டங்களுக்குள் நின்றிருந்தார்கள். தடாப் பக்கத்து அம்மாவின் தட்டில், நெத்திலிக்கும் மடவைக்கும் நடுவே, நான் பார்த்தேயிராத மீன் ஒன்று கிடந்தது. பச்சை முதுகு, முதுகில் கரும்புள்ளிகள்.

"இன்னா மீனுக்கா இது?"

"எப்பவாச்சும்தான் வலைல வுயும். தெலுங்குல ஒரு பேரு சொல்வாங்க, எனக்கே வாயில வரல. ருசியா இருக்கும், வாங்கிக்கினு போ."

நான் திரும்பி மேடத்தைப் பார்த்தேன். அவர் போனை எடுத்து, மீனுக்கு நேராக நீட்டிவிட்டிருந்தார். விரல் திரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

மீன்கார அம்மா என்னைப் பார்த்தாள். "ஏம்மா, அந்தம்மா இன்னாத்துக்கு அப்டி நின்னுக்கினு கீது?"

"அவங்க நைனா செத்துப் பூட்டாருக்கா. உங்கிட்ட வாங்கற மீனெல்லாம் அவருதான் போன்ல பாத்து பேரு சொல்வாரு. பிளேன் இல்ல. போவ முடியல."

"மூஞ்சிகூடப் பாக்கலியா?"

"பாக்கல."

அவள் அரிவாள்மணையை ஒதுக்கிவிட்டு எழுந்தாள். சுண்ணாம்புக் கோட்டை மிதித்துத் தாண்டி வந்து, மேடத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அய்யோ, எங்கியோ பொறந்து இங்க வந்து அனாதையா நிக்கறியே தாயீ" என்று சாவு வீட்டில் பெண்கள் அழுவதுபோல ஓங்கி அழுதாள். மேடத்துக்கு அதில் ஒரு வார்த்தை புரிந்திருக்காது. அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. அப்பா செத்து ஐம்பது நாளில் அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். அந்த ஐம்பது நாளில் மனிதக் கை ஒன்று அவர்மேல் பட்டதும் அப்போதுதான். சோறு சுமந்து வந்த எனக்கு அதுவரை அது தோன்றவில்லை. கிருமிக்குப் பயந்து, நானும் தூக்கை மேசையில் வைத்துவிட்டு எட்டி நின்றவள்தான்.

நானும் போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். மீன்கார அம்மாவின் கையிலிருந்த செதிலும் ரத்தமும் மேடத்தின் மணிக்கட்டில் ஒட்டின. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கடை மூட இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. வட்டங்களில் நின்றிருந்தவர்கள் ஒருவர்கூடச் சீக்கிரம் ஆகட்டும் என்று சொல்லவில்லை.