சனிக்கிழமைச் சரக்குக் கப்பல்

எங்களிடம் ஒரு நாலடுக்குத் தூக்கு இருந்தது. சனிக்கிழமை தோறும் அதை மடியில் வைத்துக்கொண்டு கிழக்கேகோட்டையில் பஸ் ஏறுவேன். கீழ் அடுக்கில் சாதம், அதற்குமேல் எரிசேரி, அப்புறம் புளியிஞ்சி, எல்லாவற்றுக்கும் மேலே என் பெண்ணுக்குப் பிடித்த நேந்திரங்காய் வறுவல். தொண்ணூறுகளின் கடைசி அது. பெண்ணுக்குப் பத்து வயது. வலியசாலையில் எங்களோடு வளர்ந்தவள் அப்போது என் ஓரகத்தியின் குவார்ட்டர்ஸில் இருந்தாள்.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. அவள் ராக்கெட் ஆபீஸில் எஞ்சினீயர். குழந்தை இல்லை. குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்தில் நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது, குழந்தை எங்களோடு இருக்கட்டுமே என்று கேட்டாள். வீட்டுக்காரர் சரி என்றார். பெண் சந்தோஷத்தில் குதித்தாள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அஞ்சாம் கிளாஸோடு நின்ற நான் என்ன சொல்லியிருக்கப் போகிறேன்?

ஓரகத்தியை ஆபீஸில் ருஷ்யாவுக்கு அனுப்பியிருந்தார்கள். விண்வெளியில் சுற்றுகிற நிலையத்துக்கு மனிதர்களை ஏற்றிப்போகும் கலத்தை அங்கே தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதே பேச்சுதான். சமையலறையில் தூக்கைப் பிரித்து வைத்தபடி நான் கேட்டுக்கொண்டிருப்பேன். மூன்று பேர்தான் ஏறலாமாம். கை ஒடிந்தால் மாவுக்கட்டுப் போடுவார்களே, அந்த மாதிரி மாவில் ஒவ்வொருத்தரையும் படுக்கவைத்து, முதுகை அச்செடுத்து, அவரவருக்கென்று இருக்கை செய்வார்களாம். ஒருத்தருடையதில் இன்னொருத்தர் படுத்தால் இறங்கும்போது முதுகு போய்விடுமாம்.

ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். ஓரகத்தி சாய்வு நாற்காலியில் இருந்தாள். அவள் மடியில் என் பெண் முழங்கால் இரண்டையும் மார்போடு சேர்த்துச் சுருண்டு கிடந்தாள். "இப்படித்தான் படுத்துண்டு போவா, கேட்டயா" என்று ஓரகத்தி அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. இந்த மாதிரி அவள் முதன்முதலில் சுருண்டு கிடந்தது எங்கே என்று கேட்க வாய் வரை வந்தது. அச்சு என்று பார்த்தால் அது என்னுடையது இல்லையா? உள்ளே போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

அன்று நான் கிளம்பும்போது பெண் தன் அழுக்குத் துணியைப் பையில் திணித்துக்கொண்டு வந்தாள். அங்கே வாஷிங் மெஷின் இருந்தது. ஆனாலும் அவள் துணியை நான்தான் கொண்டுபோய்த் துவைப்பேன், அதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. காலித் தூக்கையும் பையையும் என் கையில் கொடுத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சித்தி, அம்மா சரக்குக் கப்பல்."

எனக்குப் புரியவில்லை என்று தெரிந்து அவளே விளக்கினாள். ஆளில்லாமல் சாப்பாடும் தண்ணீரும் துணியும் ஏற்றிப்போகிற கலம் தனியாக உண்டாம். எல்லாவற்றையும் இறக்கின பிறகு நிலையத்துக் குப்பையை அதில் அடைத்து அனுப்பிவிடுவார்களாம். திரும்பி வருகிற வழியில் அது எரிந்துபோகுமாம்.

ஓரகத்தி சிரிக்கவில்லை. "அப்படிச் சொல்லப்படாது. அது போகலேன்னா மேலே இருக்கறவாளுக்குச் சாப்பாடே கிடையாது" என்று அவளை அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீங்க மனசுல வச்சுக்காதீங்கோ மன்னி."

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பெண் சொன்னதைப் பொறுத்துக்கொண்டிருப்பேன். எனக்கு ஆறுதல் சொல்லவும் இவளே வர வேண்டுமா? துணிப்பையைக் கீழே வைத்தேன்.

"அடுத்த சனிக்கிழமை நான் வரலை. நீ ஆத்துக்கு வா. துணியையும் நீயே கொண்டுவா" என்றேன் பெண்ணிடம். அந்தக் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

வருவாளோ மாட்டாளோ என்று அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வந்தாள். துணிப்பையைத் தூக்கிக்கொண்டு கூடவே சித்தியும் வந்தாள்.

இப்போது பெண் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஓரகத்தி ரிடையராகி சாஸ்தமங்கலத்தில் இருக்கிறாள். லீவுக்கு வருகிறபோது பெண் ஸ்டேஷனிலிருந்து நேரே அங்கே போய், அவளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுதான் என் வாசலில் இறங்குகிறாள். இரண்டு பேரும் பேச்சை நிறுத்தாமலே சாப்பிட உட்காருகிறார்கள். நான் இலை போடுகிறேன். ஓரகத்தியின் இலையை மட்டும் இன்றைக்கும் பெண்ணின் இலையிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் போடுகிறேன்.