விபத்தே நடக்காத கம்பெனியில் நான் நர்ஸ்

கம்பெனி நர்ஸ் வேலை ரொம்பச் சுலபம்: உள்ளே வருகிறவர் எந்த நிலையில் வந்தாலும், பத்து நிமிடத்தில் அவரைத் திரும்ப லைனில் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும், அவ்வளவுதான்.

திருவாண்டார்கோயில் பக்கம் தண்ணீர் பாட்டிலுக்கு மூடி செய்கிற கம்பெனி ஒன்றில் ஏழு வருஷமாக இந்தச் சேவையைச் செய்துவருகிறேன். ஒரு கட்டில், ஒரு பிரஷர் மெஷின், ஒரு ரிஜிஸ்டர், நான். இந்த நான்கும் சேர்ந்ததற்குப் பெயர் முதலுதவி மையம். வேறு ஆள் கிடையாது என்பதால் நான் அறையை விட்டு நகரக்கூடாது என்று எழுதாத விதி ஒன்று இருந்தது. பிறகு அதை எழுதியும் கொடுத்துவிட்டார்கள். நீங்களும் எங்கேயாவது கார்டைத் தேய்த்து உள்ளே போகிறவராக இருந்தால், கீழே இருப்பது எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது. லீவு போட்டுவிட்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்களைப் பார்த்துப் பொறாமையாக இருக்கிறது.

கத்திரிக்காய்

எங்கள் கம்பெனி வாசலில் பெரிய பச்சை போர்டு ஒன்று உண்டு. 'இந்த வளாகத்தில் விபத்து இல்லாத நாட்கள்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு எண். தினமும் காலையில் செக்யூரிட்டி அந்த எண்ணில் ஒன்றைக் கூட்டுவார். முந்நூற்று அறுபத்தைந்தைத் தொட்டால் எல்லோருக்கும் பரிசு. நடுவில் யாருக்காவது அடிபட்டால் மறுபடியும் பூஜ்ஜியம். அதனால் எங்கள் கம்பெனியில் யாருக்கும் எதுவும் ஆவதில்லை. ஆகிறதெல்லாம் வீட்டில்தான் ஆகிறது. என் ரிஜிஸ்டரில் 'நடந்த இடம்' என்கிற கட்டத்தில் 'வீடு', 'வீடு', 'வீடு' என்று எழுதி எழுதி எனக்குக் கையே பழகிவிட்டது. அதைப் படித்துப் பார்க்கிற யாரும், பாகூரிலிருந்து வில்லியனூர் வரைக்கும் உள்ள வீடுகளில் மனுஷர் குடியிருப்பதே ஆபத்து, பாவம், உயிர் பிழைக்கத்தான் இங்கே வேலைக்கு வருகிறார்கள் என்று நினைப்பார்கள்.

அபிஷேகப்பாக்கத்து அய்யனாருக்கு மூடியின் ஓரத்தில் இருக்கிற பிசிறை பிளேடால் சீவுகிற வேலை. ஒரு நாள் காலையில் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார். துணி பூராவும் ரத்தம். நான் கட்டுப் போட்டுக்கொண்டே, பழக்கதோஷத்தில், எங்கே நடந்தது என்று கேட்டுவிட்டேன். அவர் வாசலைப் பார்த்தார். அங்கே சேஃப்டி ஆபீசர், கையைக் கட்டிக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் அன்போடு பார்த்துக்கொண்டு நின்றார்.

"வூட்லதான் சிஸ்டர். கத்திரிக்கா அரியும்போது வெட்டிக்கிச்சு. எம் பொண்டாட்டிகிட்ட மட்டும் கேட்டுடாதீங்க, அடுப்பு எந்தப் பக்கம் கீதுன்னே எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடுவா."

இரண்டு டோக்கன்

மூன்றாவது லைனில் நாற்பது பெண்கள். வெளிச்சத்துக்கு அடியில் நின்றுகொண்டு, ஓடுகிற மூடிகளில் கீறல், வெடிப்பு பார்க்க வேண்டும். உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்று ஸ்டூல்களை எடுத்துவிட்டார்கள். நாற்பது பேருக்கும் சேர்த்துக் கழிப்பறைக்குப் போக இரண்டே இரண்டு சிவப்பு டோக்கன். லைன் லீடர் கலைவாணியின் மேசையில், ஆணியில் தொங்கும். எடுத்துக்கொண்டு போய் ஏழு நிமிடத்தில் திரும்பி வந்து மாட்ட வேண்டும். அந்த ஆணிக்கு நேர் மேலே ஒரு போஸ்டர்: 'தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் அருந்துங்கள்.' அதை ஒட்டிய புண்ணியவதி நான்தான்.

செலியமேட்டிலிருந்து வருகிற செல்விக்கு இருபத்தொன்பது வயது, இரண்டு பிள்ளைகள். காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறுவாள். இரண்டு மாதத்தில் மூன்றாவது தடவையாக என்னிடம் வந்தாள். நீர் போகும்போது எரிச்சல், இடுப்புக்கு மேலே முதுகில் வலி. நான் ஒரு சிரப்பைக் கொடுத்து, ரிஜிஸ்டரில் 'உடல் சூடு' என்று எழுதினேன். முதல் இரண்டு தடவையும் அதைத்தான் எழுதியிருந்தேன். டாக்டரைப் பார் என்றேன். ஞாயிற்றுக்கிழமை போகிறேன் என்றாள். அதுவரைக்கும் தண்ணீராவது நிறையக் குடி என்று, ஒட்டிய போஸ்டரை ஒப்பிப்பதுபோல் சொன்னேன்.

"குடிக்கலாம் சிஸ்டர். குடிச்சா போவணும். போவணும்னா டோக்கன் வேணும். டோக்கன் கேட்டுப் போனா எனக்கு முன்னாடி ஆறு பேரு நிக்கறாங்க. அதுக்கு வாயக் காய வுட்டுட்டா வேல முடிஞ்சிது."

கண்ணை மூடுங்கள்

தொழிலாளர்களின் மனநலத்திலும் எங்கள் கம்பெனிக்கு அக்கறை உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை, இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தையும் வேலை நேரத்திலிருந்து எடுக்க மனம் வராததால், அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். சோற்றை வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு எல்லோரும் ஹாலுக்கு ஓடினோம்.

புதுச்சேரியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். நல்ல குரல், நல்ல சட்டை. மன அழுத்தம் என்பது நம் மனதில்தான் இருக்கிறது என்றார். அதுவரைக்கும் நாங்கள் அது டார்கெட்டில் இருப்பதாகத் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தோம். பிறகு ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். 'போதுமான அளவு உறங்குகிறீர்களா?' என்பது முதல் கேள்வி. வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறுகிறவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதினார்கள்.

கடைசியில் மூச்சுப் பயிற்சி. கண்ணை மூடிக்கொண்டு, மனதுக்குப் பிடித்த ஓர் அமைதியான இடத்தை நினைக்கச் சொன்னார். இரண்டு நிமிடத்தில் ஹால் அமைதியானது. நான்காவது நிமிடம் பின் வரிசையிலிருந்து குறட்டை வந்தது. பிறகு நடு வரிசையிலிருந்தும் வந்தது. இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு ஆழமாகப் போன குழுவை இதுவரை பார்த்ததில்லை என்று பயிற்சியாளர் எங்கள் மேலாளரிடம் பூரித்துப்போய்ச் சொன்னார். சங்கு ஊதியதும் எல்லோரும் அலறி எழுந்தார்கள். எதிரில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த அய்யனாரிடம், எந்த இடத்தை நினைத்தீர்கள் என்று கேட்டார்.

"கம்பெனி பஸ்ஸு சார், ஜன்னல் சீட்டு. நாங்க தூங்கறது அங்க மட்டும்தான்."

கதவைச் சாத்துங்க

உற்பத்தி மேலாளர் என் அறைக்கு வந்தால், முதலில் கதவைச் சாத்துவார். தலைமை அலுவலகத்தோடு வீடியோ மீட்டிங் முடிந்த கையோடு வருவார். சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டுவார். பட்டையைச் சுற்றிக் காற்றடிப்பதற்குள் போன் இரண்டு தடவை அடிக்கும். அன்றைக்கு நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து இருந்தது. கீழே இருப்பவர்களை விரட்டுகிற மனிதர்தான், ஆனாலும் அந்த நாற்காலியில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பரிதாபமாக இருந்தது. உடனே டாக்டரைப் பாருங்கள் சார், இரண்டு நாளாவது ஓய்வெடுங்கள் என்றேன்.

"ரிஜிஸ்டர்ல எழுதிடாதீங்க சிஸ்டர். நம்ம ஆளுங்க யாருக்கும் ஸ்ட்ரெஸ்ஸே இல்லன்னு இப்பதான் மேல சொல்லிட்டு வர்றேன்."

முந்நூற்று அறுபத்தொன்று

போர்டு முந்நூற்று அறுபத்தொன்றைக் காட்டிய நாள். பரிசுப் பொருட்கள் வந்து, என் அறைக்கு வெளியே பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தார்கள். பதினொன்று இருபதுக்குக் கலைவாணி மூச்சு வாங்க ஓடிவந்தாள். போய்ப் பார்த்தால் செல்வி லைனுக்குப் பக்கத்தில் விழுந்து கிடக்கிறாள். மேசை விளிம்பு பட்டுப் புருவத்துக்கு மேல் கிழிந்திருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது, பல் கிடுகிடுத்தது. அவள் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை வரவே இல்லை. எல்லா ஞாயிறும் ஓவர்டைம்.

சுற்றி நின்ற பெண்கள் பயந்துபோயிருந்தார்கள். ஒருத்தி அழுதாள். அவளே கொஞ்ச நேரத்தில் என் காதருகே குனிந்து, வெளியே பஸ் நிற்கிற இடத்தில் விழுந்ததாக எழுதுங்கள் என்றாள். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் ஒரு பரிசுக்குக் காத்திருந்து, இன்னும் நாலே நாள் என்கிறபோது நீங்களும் நானும் அப்படித்தான் நினைப்போம். எனக்குக் கோபம் வந்தது என் மேல்தான். மூன்று தடவை வந்தவளுக்கு மூன்று தடவையும் 'உடல் சூடு' என்று எழுதிய கை இது.

அறையைப் பூட்டிவிட்டு அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் அறையை விட்டு நகரக்கூடாது என்கிற விதி எழுத்தில் வந்தது அதற்குப் பிறகுதான். கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் எங்களால் எதுவும் சொல்லியிருக்க முடியாது என்றார் டாக்டர். எத்தனை நாளாக அடக்கிவைக்கிறார் என்று கேட்டார். நான் டோக்கன் கதையைச் சொன்னேன். திரும்பி வந்து ரிஜிஸ்டரில் 'நடந்த இடம்: மூன்றாவது லைன்' என்று எழுதினேன். ஏழு வருஷத்தில் முதல் தடவை.

மறுநாள் காலை போர்டு முந்நூற்று அறுபத்திரண்டைக் காட்டியது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன். அதே எண்தான். உள்ளே போய்க் கேட்டேன். சேஃப்டி ஆபீசர் கோபப்படவே இல்லை. மீட்டிங் போட்டுப் பேசி முடிவெடுத்துவிட்டோம் என்று, சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் பொறுமையாக விளக்கினார்.

"மயக்கம் அவங்களோட சொந்த மயக்கம் சிஸ்டர். தரை மட்டும்தான் கம்பெனியோடது. தரைக்கு ஒண்ணும் ஆகலியே."

பரிசு

பன்னிரண்டு நாள் கழித்துச் செல்வி வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு: தினமும் மூன்று லிட்டர் தண்ணீர், எந்தக் காரணம் கொண்டும் அடக்கக்கூடாது. வேலைக்குத் தகுதி என்று நர்ஸ் அன்றைக்கே எழுதிக் கொடுக்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று, அவளை வேலைக்கு எடுத்த காண்ட்ராக்டர் சொல்லியனுப்பியிருந்தார். எழுதாவிட்டால் வேலை போகும். சும்மா எழுதினால் சிறுநீரகம் போகும். 'வேலைக்குத் தகுதி. கழிப்பறைக்கு டோக்கன் கேட்கக்கூடாது' என்று இரண்டு வரி எழுதினேன். அதில் மேலாளர் கையெழுத்து வேண்டும்.

மேலாளர் என் அறைக்கே வந்து இரண்டு தடவை படித்தார். ஒருத்தருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்றார். நான் பிரஷர் மெஷினை எடுத்து மேசை மேல் வைத்து, அதன் பட்டையை மெதுவாகச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

அவர் போனதும், செல்விக்காக எடுத்துவைத்திருந்த பரிசுப் பெட்டியைக் கொடுத்தேன். பிரித்தாள். ஒரு லிட்டர் பிடிக்கிற ஸ்டீல் தண்ணீர் பாட்டில். 'பாதுகாப்பே நம் பழக்கம்' என்று அச்சடித்திருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்ல பாட்டிலு சிஸ்டர். நாப்பது பேருக்கும் இத வாங்கித் தரணும்னு யோசிச்சவங்களுக்கு, மூணாவதா ஒரு டோக்கன் செய்யணும்னு தோணலியே."

பன்னிரண்டாவது சீட்டு

மறுநாள் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே என் கதவருகே பதினோரு பெண்கள். செல்விக்கு நான் எழுதிக் கொடுத்த அதே சீட்டு எல்லோருக்கும் வேண்டும். ஒவ்வொருத்தியாக உட்காரவைத்து, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய், எத்தனை நாளாக எரிச்சல் என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே ரிஜிஸ்டரில் எழுதினேன். யாருக்கும் 'உடல் சூடு' எழுதவில்லை. ஒருத்தி, கல்யாணத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்தே என்றாள். அவளுக்கு இப்போது பையன் பள்ளிக்கூடம் போகிறான்.

கடைசி ஆளும் போன பிறகு, லைன் லீடர் கலைவாணி உள்ளே வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் கதவைச் சாத்தினாள். நாற்காலியில் உட்கார்ந்து, கையிலிருந்த இரண்டு டோக்கனையும் என் மேசை மேல் வைத்தாள்.

"எனக்கும் ஒண்ணு எழுதுங்க சிஸ்டர். டோக்கன் எங்கிட்டதான் கீது, ஆனா நான் எழுந்து போனா லைன யாரு பாக்கறது? ஒம்போது வருஷமா காலைல வூட்ல போறதோட சரி."

பன்னிரண்டு சீட்டையும் எழுதி முடித்துவிட்டேன், பதின்மூன்றாவதை எனக்கே எழுதிக்கொள்ளலாம் என்றுதான் பேனாவைத் திறந்தேன், ஆனால் நான் எழுந்து போகிற ஏழு நிமிடத்துக்கு இந்த அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.