கைப்பிடி இல்லாத பலகை

நாகர்கோவிலில் பல் டாக்டருக்காகக் காத்திருந்தபோது எதிர்ச் சுவரில் அந்தப் படம் இருந்தது. கரிப்படகுகளிலிருந்து கரைக்கு நீளும் பலகைகள், அவற்றில் கூடை சுமந்து ஏறும் ஆட்கள், பின்னால் பாலம், புகை. இரண்டாயிரங்களின் நடுவில் அபுதாபி முசஃபாவில் நான் ஃபிட்டராக இருந்த பட்டறையிலும், ஆபீஸ் காலண்டரில் இதே படம் தொங்கியது.

காலண்டர் மேனேஜர் சாருடையது. சென்னைக்காரர், ஓவியப் பித்து. ரயில் புகையையும் ஆலைப் புகைபோக்கியையும் அழகென்று முதலில் கண்டவர்கள் பிரான்ஸின் இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர்கள்தான் என்பார். "ஆளுங்களுக்கு முகமே கிடையாது பாருங்க. அசைவு, வெளிச்சம், அவ்வளவுதான்." கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

ஃபோர்மேன் அண்ணன் குளச்சல் கடப்புறத்துக்காரர், வாயைத் திறந்தால் சண்டை. பட்டறைக்குப் பின்னால் கடல் வாய்க்காலில் நின்ற மிதவைக்குப் போக எங்களுக்கும் ஒற்றைப் பலகைதான். விழுந்தால் கீழே மிதவையின் இரும்புத் தளம். கைப்பிடி போட அரைநாள் வேலையை நிறுத்த வேண்டும். அவர் கேட்கும்போதெல்லாம் "அடுத்த வாரம்" என்பார் மேனேஜர்.

ஒருநாள் காலை சேஃப்டி போர்டில் அந்தக் காலண்டர் தாள் ஒட்டியிருந்தது. "எடே, இவனுவளப் பாருங்க. ஹெல்மெட் மாஃபி, ஷூ மாஃபி, கைப்பிடி மாஃபி, ஒண்ணும் கெடையாது. இப்படி வேல செய்யக் கூடாதுன்னுதான் படம் போட்டிருக்கான்" என்றார் அண்ணன். நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். நாங்களும்தான்.

மேனேஜர் கொதித்துப்போய் வந்தார். "யோவ், இது சேஃப்டி போஸ்டர் இல்ல. ஓவியம்."

அண்ணன் அசரவில்லை. படத்தை இன்னொரு தடவை பார்த்தார். "வரைஞ்ச ஆளு எங்க நின்னாரு சார்?"

"கரையிலதான்."

"அதானே பாத்தேன். பலகையில நின்னிருந்தா மொதல்ல கைப்பிடியத்தான் வரைஞ்சிருப்பாரு." சொல்லிவிட்டு, சிவப்பு மார்க்கரால் பலகைக்கு மேலே கைப்பிடிபோல ஒரு கோடு இழுத்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். மேனேஜர் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் அரைநாள் வேலை நின்றது. கைப்பிடிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டு "கலாஸ், முடிஞ்சாச்சு" என்றார் அண்ணன்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு காலை நல்ல மூடுபனி. வெளிச்சம் அச்சு அசல் படத்தில் இருந்ததுபோல இருந்தது. பலகையின் நடுவில் எனக்குக் கால் வழுக்கியது. கை தானாகப் போய் அந்த மஞ்சள் குழாயைப் பிடித்தது.

பல் டாக்டர் கிளினிக் படத்தில் சிவப்புக் கோடு இல்லை. வெளிச்சம் அழகுதான், குறை சொல்ல மாட்டேன். நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டபோது வலது கை நாற்காலிப் பிடியை இறுகப் பற்றியிருந்தது. "பயப்படாதீங்க, வலிக்காது" என்றாள்.