ஓரிக்கை மேட்டு டிரையல்

"ஓரிக்கைக்கு யாருப்பா வர்றது? டிரையல் போறேன்" என்று தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டுத்தான் மெக்கானிக் வீராசாமி பானெட்டை மூடுவார். இழுக்காத காரை ஆள் ஏற்றாமல் ஓட்டிப் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. மணல் மூட்டை வைக்கலாமே என்று ஒருவர் யோசனை சொல்லப் போய், "மூட்டைக்கு வாய் இருக்குதா? வண்டி எந்த எடத்துல மூச்சு வாங்குதுன்னு உக்காந்துக்கினு வர்ற ஆளுதாம்பா சொல்லணும்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஸ்குரூ டிரைவரின் முனையை இஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். அப்போது கண்ணை மூடிக்கொள்வார். எதிரே நிற்பவரையும் மூடச் சொல்வார்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு காருக்குச் சீக்கு வந்தால் தெருவுக்கே கொண்டாட்டம். தறியை விட்டு எழுந்து வந்து இரண்டு பேர் ஏறிக்கொள்வார்கள். பின் சீட்டின் இடது ஓரம் கங்கையம்மாளுக்கு. பட்டு நூல் இழைக்கிற கங்கையம்மாள் நல்ல கனம். "அந்தம்மா ஏறினாத்தான் இஞ்சினோட யோக்கியதை தெரியும்" என்பார் வீராசாமி. அவளுக்கும் அங்கே காரியம் இருந்தது. மகள் பூவம்மாளை ஓரிக்கையில் கட்டிக் கொடுத்திருக்கிறாள். பேத்தி பிறந்து நாலு மாதம். மூட்டு வலியில் அவ்வளவு தூரம் நடக்க முடியாது, பஸ் படியும் ஏற முடியாது. ஆற்றங்கரை மேட்டில் இஞ்சின் ஆறுகிற நேரத்தில் குழந்தையைக் கொஞ்சிவிட்டு வந்துவிடுவாள்.

பட்டு முதலாளி பரசுராமனின் வெள்ளைக்காரன் காலத்து ஆஸ்டின் கார்தான் வீராசாமியின் மானத்தை வாங்கியது. பிளக்கைச் சுரண்டினார், கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார், பாயிண்டைத் தேய்த்தார். பட்டறையில் சிங்கமாக உறுமும். ஆள் ஏற்றிப் போனால் ஓரிக்கை மேட்டில் பாதியில் படுத்துக்கொள்ளும். தன் கைக்கு வந்த வண்டி நாக்குத் தள்ளியதாகச் சரித்திரமே இல்லை என்று சொல்லித் திரிந்தவருக்கு மூன்று வாரமாகச் சோறு இறங்கவில்லை. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

கடைசியில் பரசுராமனே முன் சீட்டில் ஏறிக்கொண்டார். பின்னால் வழக்கம் போலக் கங்கையம்மாளும் தறிக்காரர்கள் இரண்டு பேரும். "இன்னைக்கு மேடு ஏறலன்னா காயலாங்கடைதாம்பா. ஒன்னோட பேரும் அதோட சேந்து போயிடும்."

பாதி மேட்டில் வண்டி முனகி நின்றது. வழக்கம் போலத் தலைமுடி கருகுகிற வாடை. ஒயர் தீய்கிறது என்று வீராசாமி வழக்கம் போலப் பானெட்டைத் திறக்க ஓடினார். பரசுராமன் பின்பக்கம் போய் மூக்கைத் தூக்கி இரண்டு தரம் இழுத்தார். பட்டு இழையைக் கொளுத்தி மோந்து பார்த்தே வியாபாரம் செய்து பழகிய மூக்கு.

"ஒயர் இல்லப்பா, பட்டு. கலப்படமே இல்லாத அசல் பட்டு."

வீராசாமி புகை வெளியேறுகிற சைலன்சர் குழாயில் ஸ்குரூ டிரைவரை விட்டுக் கிளறினார். கெட்டியாகத் திணித்த கழிவுப் பட்டு உருண்டை பாதி கருகி வெளியே வந்தது. கருகாத பாதி அரக்கு நிறம். கங்கையம்மாளின் புடவைத் தலைப்பில் அதே அரக்கு இழைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் பேத்திக்குத் தைத்த கவுன். வீராசாமிக்குக் கோபம் ஜிவ்வென்று ஏறியது. கவுனைப் பார்த்ததும் வந்த வழியே இறங்கியது.

"எலி, மொதலாளி. கூடு கட்டிக்கினு இருக்குது."

"எலி பட்டுலயா கூடு கட்டும்?"

"காஞ்சிபுரத்து எலி. வேற எதுல கட்டும்?"

மறுபடி ஸ்டார்ட் செய்ததும் ஆஸ்டின் ஐந்து பேரையும் சுமந்துகொண்டு மேட்டின் உச்சியில் போய் நின்றது. பரசுராமனுக்கு வாயெல்லாம் பல். "அவ்ளோதாம்பா, இனிமே டிரையலே வேணாம்" என்று வீராசாமியின் முதுகில் தட்டினார். "அப்போ இனிமே..." என்று ஆரம்பித்த கங்கையம்மாள் பாதியில் நிறுத்திக்கொண்டு, கவுனைச் சுருட்டியபடி மகள் வீட்டுப் பக்கம் மெதுவாக நடந்தாள்.

முதலாளி காற்று வாங்க ஆற்றோரம் போனார். வீராசாமி பானெட்டைத் திறந்தார். யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தன் கையால் சுத்தமாகச் சரி செய்து வைத்திருந்த கார்புரேட்டர் திருகை அரைச் சுற்று தளர்த்திவிட்டார்.